சைனபு சாச்சியின் ஈரக் கை

சைனபு சாச்சிக்குக் கோபம் வருவது முதலில் அவளுடைய உள்ளங்கைக்குத்தான் தெரியும். முகம் சும்மா இருக்கும், குரல் சும்மா இருக்கும், கையில் மட்டும் முத்து முத்தாக நீர் கட்டும். அப்புறம் சொட்டும். சொட்ட ஆரம்பித்துவிட்டால் எதிரில் நிற்பவர் இடத்தைக் காலி செய்வது உடம்புக்கு நல்லது.

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் அவள் நின்றபோது தரையில் நாலு சொட்டு விழுந்தது. நான் எண்ணினேன்.

"ஏட்டி ஹுதா, என்ன எழுதியிருக்கான்? இங்கிலீசுல இருக்கு, வாசி."

சாச்சி என்றால் என் உம்மாவின் தங்கை. அப்போது நான் அவளோடுதான் தங்கியிருந்தேன். அந்த போர்டு இருப்பது பூனாவின் கோந்த்வா பகுதியில், பெயரில் மட்டும் பைன் மரம் வைத்திருக்கிற ஒரு ஹவுசிங் சொசைட்டியில். நோட்டீஸை எழுதியவர் அதன் செயலாளர் பத்ரிநாத். மூக்கில் தொடங்கி, வாக்கியத்துக்கு வாக்கியம் தொண்டையைச் செருமுகிற குரல் அவருக்கு. நான் அதே குரலில் தமிழில் வாசித்தேன்.

"'நமது வளாகத்தில் துணி தேய்ப்பவரின் கை வேர்வை காரணமாக, தேய்த்து வரும் துணிகளில் துர்நாற்றம் வீசுவதாகப் புகார் வந்துள்ளது, ம்ஹூம். ஆகவே மேற்படி கொட்டகையை அகற்றுவது குறித்து வரும் ஞாயிறு காலை பதினொரு மணிக் கூட்டத்தில் முடிவெடுக்கப்படும், ம்ஹூம்.'"

வழக்கமாக அந்த 'ம்ஹூம்' வந்தாலே சாச்சி குலுங்கிச் சிரிப்பாள். அன்று முந்தானை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு, "கை வேர்வன்னா எழுதியிருக்கான்? கைன்னு போட்டிருக்கானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா சாச்சி."

ஐந்தாவது சொட்டு விழுந்தது.

அந்தக் கொட்டகையைச் சொல்ல வேண்டும். கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம், மதிலை ஒட்டி, குல்மொஹர் மரத்தடியில் நாலு தகரம். உள்ளே கம்பளி விரித்த மேசை, கரி போடுகிற ஏழு கிலோ தேய்ப்புப் பெட்டி, தண்ணீர் தெளிக்க ஒரு பித்தளைச் செம்பு. பதினாலு வருஷமாக சாச்சியும் அவள் புருஷன் ஷேக் முகைதீன் சாச்சாவும் அதில்தான் நின்றார்கள். அறுபத்து நாலு வீட்டுத் துணி. அது போனால் வேறு போக்கிடம் கிடையாது. கோந்த்வாவில் இப்போது கேட் உள்ள இடங்களிலெல்லாம் போனைத் தட்டினால் வேனில் வந்து துணியை வாங்கிப் போகிறார்கள். புதிதாக ஒரு தகரத்தை எவன் நடவிடுவான்?

ஏப்ரல் வெயில், மேலே தகரம், கையில் நெருப்பு. அங்கே வேர்க்காமல் நிற்பவர் இருந்தால் அவரைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாச்சிக்கு இதெல்லாம் தொழிலிலேயே தெரியும். காய்ந்த துணியில் பெட்டியை ஓட்டினால் சூடு அப்படியே நிற்கும். ஈரத் துணியில் ஓட்டினால் நாலாவது இழுப்பிலேயே பெட்டி ஆறிப்போகும். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. "நம்ம உடம்பும் பெட்டிதான். முதுகுல தண்ணி தெளிச்சு தெளிச்சு அல்லா ஆத்துதான். வேர்வ நின்னுட்டா பெட்டி தீயும்," என்பாள்.

ஆனால் நோட்டீஸில் போட்டிருந்தது முதுகு இல்லை, கை. அதுதான் விஷயம்.

சாச்சியின் கை வெயிலுக்கு வேர்ப்பதில்லை. டிசம்பர் குளிரிலும் வேர்க்கும். கடையநல்லூரில் முதல் வகுப்புப் படித்தபோதே சிலேட்டில் எழுதியது எழுத எழுத அழிந்துவிடுமாம். டீச்சர் அடித்தார். அடிக்குப் பயந்து இன்னும் வேர்த்தது. அதற்கும் அடித்தார். ஊர் முழுக்க 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டம். பயமே இல்லை என்கிறாள் சாச்சி. "எனக்குக் கோவம்ட்டி. கோவத்துக்கும் வேர்க்கும்னு எந்தக் கழுதைக்கும் தெரியல."

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மைப் பேனா. தாளில் கை பட்ட இடமெல்லாம் நீலக்குளம். மேற்பார்வைக்கு வந்தவர், "கையக் கழுவிட்டுத் தொடைக்காம வந்தியா?" என்று கேட்டாராம். முப்பத்து நாலு மார்க். ஒரு மார்க்கில் ஃபெயில். படிப்பு அதோடு முடிந்தது. எந்தக் கணக்கு குளத்தில் மூழ்கியது என்று இன்றைக்கும் சொல்வாள்: ஏழாவது, முக்கோணம்.

அப்புறம்தான் அவள் வாப்பா திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மாவின் குரலை சாச்சி எடுத்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். குரல் எடுக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. டாக்டரம்மா சளி பிடித்த வெண்கலக் குரலில் சொன்னாராம்:

"இந்தா பாரும்மா. உடம்பு பூரா லட்சக்கணக்குல வேர்வைச் சுரப்பி இருக்கு. நெத்தி, முதுகு வேர்க்குறது வெயில் சூட்டுக்கு. உள்ளங்கை, உள்ளங்கால் வேர்க்குறது மனசு சூட்டுக்கு. மூளை 'ஓடு, பிடி'ன்னு சொல்லும், உடனே கை ஈரமாகும். லேசா ஈரமா இருந்தாத்தான் பிடி வழுக்காது. ஆதி மனுசன் மரத்தைப் பிடிக்க வச்சிருந்த ஏற்பாடு. உனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். சீக்கு இல்ல. அது வெறும் உப்புத் தண்ணி. நாறாது. நாறுறது அக்குள்ல வர்றது, அது வேற சுரப்பி, கொழுப்பு கலந்தது. அதுவும் வரும்போது நாறாது. தோல்மேல இருக்க கிருமி அதைத் தின்னாத்தான் நாத்தம். போ."

அந்த 'நாறாது' என்ற ஒரு வார்த்தையை சாச்சி முப்பது வருஷமாகத் தாலியைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த ஒரு மாமியார் வளையல் போடக் கையைப் பிடித்துவிட்டு, பிடித்த வேகத்தில் விட்டுவிட்டு எழுந்து போனாள். அப்போதும் அந்த வார்த்தைதான் துணை. அடுத்து வந்தவர் ஷேக் முகைதீன். பூனாவில் தேய்ப்புத் தொழில். "ஈரக் கைதானே? தண்ணி தெளிக்குத வேலை மிச்சம்" என்று அவர் சொன்னது சாச்சியின் காதுக்கு வந்தது. மூன்று நாள் கோபமாக இருந்தாள். நாலாவது நாள் சரி என்றாள்.

பூனாவுக்கு வந்த பிறகு அவள் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். பெட்டியின் கைப்பிடியில் பழைய பனியன் துணிச் சுற்று. இடுப்பில் காடாத் துண்டு. ஒரு சட்டைக்கு ஒரு தடவை கை துடைப்பு, வெள்ளைச் சட்டை என்றால் இரண்டு தடவை. மடிக்கும்போது விரல் நுனி மட்டும் படும். பதினாலு வருஷத்தில் ஒரு கறை இல்லை. அவளுக்குக் கை வேர்க்கும் என்பது அந்த அறுபத்து நாலு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது போர்டில் போட்டிருக்கிறது, இங்கிலீஷில், லிஃப்டுக்குப் பக்கத்தில்.

நேராக மூன்றாவது மாடிக்கு ஏறினாள். படியில்தான். லிஃப்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை அவளுக்கு. நானும் பின்னால் ஓடினேன்.

கதவைத் திறந்த பத்ரிநாத் பளபளக்கிற ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் இருந்தார். வயது அறுபத்திரண்டு. பேங்க்கில் ரிடையர் ஆன மறுநாளே ஓட ஆரம்பித்தவர். காரை எடுத்துக்கொண்டு கடக்வாஸ்லா போவார், அணையோரமாக ஓடுவார், வருவார். எந்த ஊரில் மாரத்தான் நடந்தாலும் போய் ஒரு டீ-ஷர்ட் வாங்கி வந்துவிடுவார்.

"சார், கை வேர்வன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானேதான் கம்ப்ளெய்ண்ட், நானேதான் செகரட்டரி," என்றார் பத்ரிநாத். கையில் புகார் ரெஜிஸ்டர். நாக்கில் விரலைத் தொட்டு ஒரு பக்கம், மறுபடி தொட்டு ஒரு பக்கம். "மார்ச் இருபத்தெட்டு, வாய்மொழிப் புகார், உன் ஹஸ்பண்ட்கிட்ட சொல்லியாச்சு. ஏப்ரல் நாலு, ரெண்டாவது புகார். அப்புறம் என்ன பண்ணினேள்? அத்தரைக் கொட்டி மறைச்சேள்! வேர்வையும் அத்தரும் சேர்ந்து, கல்யாண சத்திரத்துல சமையக்காரனைக் கட்டிண்டாப்ல இருக்கு. வெள்ளைச் சட்டையில எண்ணெய்ப் பொட்டு வேற. ஒண்ணும் இல்லேன்னா எதுக்கும்மா அத்தர்?"

சாச்சி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அத்தரா?" என்றாள்.

உள்ளேயிருந்து பத்ரிநாத்தின் மனைவி பாலாம்பாள் மாமி எட்டிப்பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. "நீ உள்ள போ," என்றார் பத்ரிநாத். கதவைச் சாத்தினார்.

கொட்டகைக்குத் திரும்பினோம். சாச்சா கரியை விசிறிக்கொண்டிருந்தார். சாச்சி பித்தளைச் செம்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். நானும் முகர்ந்தேன். ரோஜா. ஒன்றிரண்டு துளி இல்லை, ஒரு தோட்டமே இருந்தது.

சாச்சி சாதாரண நாளில் புருஷனை 'நீங்க, மச்சான்' என்பாள். கோபம் வந்தால் 'நீங்க' போய் 'நீரு' வந்துவிடும்.

"இது என்னதுவே?"

"அது வந்து... சார் ரெண்டு தடவ சொன்னாரு. ஒனக்குச் சங்கடமா இருக்குமேன்னு ஒங்கிட்ட சொல்லல. வாசமா இருந்தா பேச்சு நின்னுரும்னுட்டு..."

"அத்தர் எண்ணெய்ன்னு ஒமக்குத் தெரியாதா? ஜும்மாவுக்குத் தடவிக்கிட்டுப் போறீரே, சட்டைக் காலர்ல மஞ்சளா நிக்குதே, அதை யாரு தேய்க்கா?"

"நீ துணி குடுக்கப் போன நேரமாப் பாத்து, சார் வெள்ளைச் சட்டைக்கு மட்டும் ஒரு மூடிதான் ஊத்துனேன் சைனபு."

"அளவையா கேட்டேன்?" செம்பு பறந்து மதிலில் பட்டு உருண்டது. குல்மொஹர் மரம் அன்று முழுக்க மாப்பிள்ளை மாதிரி மணத்தது. "இருபத்திரண்டு வருசமா என் கூட இருக்கீரு. இந்தக் கை நாறுச்சா? சோறு பிசைஞ்சு குடுத்தப்ப நாறுச்சா? எவனோ ஒருத்தன் சொன்னதும் மோந்துகூடப் பாக்காம அத்தர் வாங்கப் போயிட்டீரு. நீரும் நம்பிட்டீருல்லா? சொல்லும், நம்பிட்டீருல்லா?"

சாச்சா கரியையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்குப் பொய் வராது.

"கொஞ்சம்," என்றார்.

அந்தக் 'கொஞ்சம்' போதும். அதற்குப் பிறகு சாச்சி கத்தவில்லை. கத்தாததுதான் பயமாக இருந்தது. செம்பை எடுத்து சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, புதுத் தண்ணீர் பிடித்தாள். அன்றைக்கு வந்த ஒன்பது வீட்டு மூட்டைகளையும் அவிழ்த்தாள்.

முதலில் ஒவ்வொரு துணியையும் சும்மா முகர்ந்தாள். சோப்பு வாசம்தான். பிறகு தண்ணீர் தெளித்துப் பெட்டி வைத்தாள். பருத்திச் சட்டை, ஒன்றுமில்லை. பெட்ஷீட், ஒன்றுமில்லை. பத்ரிநாத்தின் மூட்டையிலிருந்து ஒரு நீல டீ-ஷர்ட்டை எடுத்து, அந்தத் துணி சூடு தாங்காது என்பதால் மேலே ஈரக் காடாத் துண்டைப் போட்டுப் பெட்டியை வைத்தாள்.

குப்பென்று எழும்பியது. மூன்று நாள் மூடி வைத்த டிபன் பாக்ஸுக்குள் வெங்காயத்தோடு ஒரு ஆட்டையும் அடைத்த மாதிரி. நான் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டேன். சாச்சி அங்கேயே நின்றாள்.

"ஆஹ்," என்றாள். சிரித்த மாதிரிகூட இருந்தது. "மச்சான், இங்க வாரும்."

அடுத்த டீ-ஷர்ட்டை சாச்சாவே தேய்த்தார். அவர் கை கல் மாதிரி காய்ந்த கை. அதே நாற்றம்.

பிறகு சாச்சி தன் வெள்ளைக் கைக்குட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிசைந்தாள். அன்றைய கோபத்துக்குத் துணி நனைய எத்தனை நேரம்? நனைந்ததை மேசையில் விரித்துப் பெட்டி வைத்தாள். ஸ்ஸ் என்று ஆவி போனது. மூன்று பேரும் குனிந்து முகர்ந்தோம். சூடான துணி வாசம். வேறொன்றுமில்லை.

சாச்சா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேசப்படாது," என்றாள் சாச்சி. "ஞாயித்துக்கிழமை கரி மட்டும் போட்டுத் தாரும்."

ஞாயிறு காலை பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். வெயில் நாற்பதைத் தொட்டது. எல்லோர் அக்குளிலும் ஒரு பிறை நிலா. பத்ரிநாத் கடக்வாஸ்லாவிலிருந்து ஓடிவிட்டு நேரே வந்திருந்தார். பேப்பர் கட்டோடு ஒரு ஸ்டாண்ட் ஃபேனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொருளாளர் அம்ருதா, முப்பது வயது மராட்டிப் பெண், கட் அண்ட் ரைட்டாகப் பேசுகிறவள்.

பத்ரிநாத் எழுந்து, நாக்கில் விரலைத் தொட்டு, முதல் தாளைப் புரட்டினார். "ரூல்ஸ்னா ரூல்ஸ். ஐ ஹேவ் நத்திங் பர்சனல்..."

அதற்குள் சாச்சாவும் நானும் மேசையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தோம். சாச்சி கரி கனன்றுகொண்டிருந்த பெட்டியோடு வந்தாள்.

"என்னம்மா இது? மீட்டிங்ல நெருப்பு!"

"புகார் துணியப் பத்தித்தானே சார்? துணியே பேசட்டும்," என்றாள் சாச்சி. அதையே அம்ருதாவுக்காக ஹிந்தியில் சொன்னாள். பிறகு முன்வரிசையில் இருந்த பாலாம்பாள் மாமியிடம் திரும்பினாள். "மாமி, நீங்க துவச்சு, என் கையே படாத சார் டீ-சர்ட் ஒண்ணு கொடியில இருக்குமா?"

"இருக்கே," என்று மாமி எழுந்தார். கேட்கக் காத்திருந்த மாதிரி எழுந்தார்.

"பாலா, உட்காரு!"

மாமி அதற்குள் லிஃப்டுக்குள் போய்விட்டார். கரி படபடவென்றது. சாச்சியின் விரல் நுனியிலிருந்து சொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. பதினாலு வருஷம் துடைத்துத் துடைத்து மறைத்த கையை அன்று எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டு நின்றாள்.

மாமி கொண்டுவந்தது மஞ்சள் டீ-ஷர்ட். முதுகில் ஏதோ மாரத்தான் பெயர். அம்ருதா வாங்கி முகர்ந்தாள். "ஓகே. நோ ஸ்மெல்."

"இப்ப நீங்களே தேயுங்க, மேடம்," என்றாள் சாச்சி. "நான் தள்ளி நிக்கேன்."

அம்ருதா ஏழு கிலோ பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, ஈரத் துண்டுக்கு மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஆவி எழும்பியது. முன்வரிசை துப்பட்டா, கர்சீஃப், கையில் கிடைத்ததையெல்லாம் மூக்குக்குக் கொண்டுபோனது. இரண்டாவது வரிசையில் ஒருவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அம்ருதா பெட்டியை நிமிர்த்திவைத்து, ஃபேன் எதிரில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். "பத்ரி ஜி," என்றாள், "யே தோ ஆப் ஹீ ஹோ! இது நீங்களேதான்! தினம் காலையில லிஃப்ட்ல வர்ற நாத்தம் இதேதான்."

பார்க்கிங் முழுக்கச் சிரிப்பு. வாட்ச்மேன்கூடத் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

சாச்சி சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து, எல்லோர் கண்முன்னாலும் உள்ளங்கைகளில் பிசைந்து நனைத்து, தேய்த்து, அம்ருதாவிடம் நீட்டினாள். அம்ருதா முகர்ந்தாள். அடுத்தவருக்குக் கொடுத்தாள். கைக்குட்டை வரிசை வரிசையாகப் போனது. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

"இது... இது வாஷிங் மெஷின்ல ஏதோ ப்ராப்ளம்," என்றார் பத்ரிநாத்.

"மெஷின் என்ன பண்ணும்?" பாலாம்பாள் மாமியின் குரலை அந்த சொசைட்டி அன்றுதான் கேட்டது. "ஓடிட்டு வந்து ஈரத்தோட பைக்குள்ள திணிச்சுக் கார் டிக்கியில மூணு நாள் போட்டு வைக்கறது. அதுக்குள்ள அது ஊறி, புழுத்து... அப்புறம் அவசரமாப் பதினஞ்சு நிமிஷம் வாஷ். அந்தத் துணி வேர்வையோட எண்ணெய்ப் பசையை விடவே விடாது. கொடியில இருந்தா தெரியாது, சூடு பட்டாத் தெரியும். நான் நூறு தடவை சொல்லியாச்சு. நான் சொன்னாக் கேக்கறாரா?"

"பாலா!"

"உள்ள போன்னு சொல்ல இங்க உள்ளேயே இல்ல. பார்க்கிங்தான் இருக்கு."

அம்ருதா பேனாவை எடுத்து நிகழ்ச்சிநிரலில் ஒரு வரியை அடித்தாள். கொட்டகை இருக்கும் என்று ஹிந்தியில் அறிவித்தாள். எல்லோரும் எழப்போனார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பத்ரிநாத் ஒரு தாளை உருவினார்.

"ஒரு நிமிஷம். கொட்டகை இருக்கட்டும். ஆனா ரெஜிஸ்டர்ல ஏறின புகாரை நான் எப்படி க்ளோஸ் பண்றது? லெட்டர் ரெடி பண்ணி வச்சிருக்கேன். 'என் கை வேர்வையால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறேன், இனிமேல் கிளவுஸ் போட்டுக்கொண்டு தேய்ப்பேன்.' அவ்வளவுதான். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. சைன் பண்ணிடும்மா." நாக்கில் விரலைத் தொட்டு, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். "எல்லாருக்கும்தான் இப்ப தெரிஞ்சுபோச்சே, உனக்குக் கை வேர்க்கறது வாஸ்தவம்தானே?"

அந்த நேரம் சாச்சியின் கையை நான் பார்த்தேன். சொட்டவில்லை. ஓடியது. ஐந்து விரல் நுனி வழியாகவும் ஓடியது.

"வாஸ்தவம்தான் சார்," என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "வேர்க்கும். ஆறு வயசுல இருந்து வேர்க்குது. இப்ப பயத்துல வேர்க்குதுன்னு நெனைக்கீங்க. இல்ல சார். நீங்க எச்சியத் தொட்டுத் தொட்டுத் தாளப் புரட்டுதீங்க, அதே தாள்ல என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லுதீங்க. ஒங்க எச்சி ஆபீசு, என் வேர்வ அசிங்கமா? ஒங்க டீ-சர்ட்டு நாத்தத்த ரெண்டு வருசமா நான் குடிச்சேன். எந்த போர்டுலயும் எழுதல. நெருப்புப் பெட்டியப் பிடிக்க கிளவுசு போடணுமாம். ரப்பர் உருகிக் கையோட ஒட்டுனா அதுக்கும் ஒரு ரெஜிஸ்டர் வச்சிருக்கீங்களா?"

"கோபப்படாதே. சைன் மட்டும்..."

"சைனுதானே?"

லெட்டர் வீட்டுப் பிரிண்டரில் அடித்தது, ஈரம் பட்டால் கரைகிற மை. சாச்சி பேனாவை வாங்கவில்லை. வலது உள்ளங்கையை விரித்து, தாளின் நடுவில் வைத்து, தேய்ப்புப் பெட்டியை அழுத்துகிற மாதிரி அழுத்தினாள். மெதுவாகக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு. எடுத்தபோது 'வருந்துகிறேன்' இருந்த இடத்தில் கறுப்புக்குளம். 'கிளவுஸ்' மூழ்கிப்போயிருந்தது. ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன.

"பத்தாங்கிளாசுல இந்தக் கை என் பேப்பர அழிச்சுச்சு. அன்னைக்கு நான் அழுதேன்," என்றாள். "இன்னைக்கு ஒங்க பேப்பரு. ஃபைல்ல வைங்க."

தாளை அவர் மடியில் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். யாரும் கைதட்டவில்லை. பாலாம்பாள் மாமி மட்டும் மஞ்சள் டீ-ஷர்ட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"சைனபு, மன்னிச்சுக்கோ. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். இனிமே அவர் டீ-ஷர்ட்டை நான் உடனே நனைச்சு, வெயில்ல போட்டுத்தான் அனுப்புவேன். நீ தேய்ப்பியோன்னோ?"

"தேய்ப்பேன் மாமி. இப்ப வீட்டுல எத்தன கெடக்கு?"

"பதினொண்ணு."

"எல்லாத்தையும் இப்பவே குடுத்தனுப்புங்க. துவைக்க வேண்டாம், அப்படியே வரட்டும்."

மாமிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கொட்டகைக்கு வந்து மேசையைப் போட்டதும்தான் புரிந்தது. சாச்சா வழக்கம்போல கரியை விசிற உட்கார்ந்தார். சாச்சி விசிறியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எந்திரியும். இன்னைக்கு நீருதான் தேய்க்கீரு."

"நானா?"

"பதினொண்ணும். மூக்குல துணி கட்டப்படாது. அத்தர் தடவப்படாது. ஒவ்வொண்ணா மோந்து மோந்து தேயும். 'கொஞ்சம்' நம்புனீருல்லா? கொஞ்சம் கொஞ்சமாத் தெரிஞ்சுக்கிடும்."

சாச்சா எழுந்து பெட்டியைப் பிடித்தார். முதல் டீ-ஷர்ட்டில் கண் கலங்கியது. மூன்றாவதில் இருமினார். ஐந்தாவதில், "சைனபு, ஒங் கை..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"தேயும்!"

சாச்சி நாற்காலியைக் குல்மொஹர் நிழலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி விரித்து வைத்தாள். தெருவிலிருந்து வந்த அனல் காற்று உள்ளங்கையில் பட்டது. துண்டு இடுப்பிலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.